பெயருக்கு முன்னால் ஒரு சொல்

எங்கள் வீட்டு பாத்ரூம் கதவைத் திறக்க ஒரு பழக்கம் வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். விருந்தாளிகள் யாரும் முதல் தடவையில் திறந்ததில்லை. உள்ளே போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் கூப்பாடு போட்டவர்களும் உண்டு. மரக்காணத்துக் காற்று இரும்பு எதையும் சும்மா விடாது. கீல் துருப்பிடித்து, கதவு ஒரு பக்கம் இறங்கி, சிமெண்டுத் தரையில் அரை வட்டமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிட்டால் பத்து நிமிஷ வேலை. கூப்பிடவில்லை. “அவன் வந்து பாத்துக்குவான்” என்று என் மாமியார் சொல்லிவிட்டார்.

அந்த ‘அவன்’ என் வீட்டுக்காரர். மாமிக்கு ஒரே பிள்ளை. உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டாவது மாசம் டிரைவர் விசாவில் சவூதிக்குப் போனார். இரண்டு வருஷம் வாரம் தவறாமல் போன் வந்தது. கடைசிப் போன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளி தன்னை வீட்டு வேலையிலிருந்து தூரத்தில் ஏதோ ஒரு பண்ணைக்கு மாற்றுகிறார் என்றும், அங்கே டவர் கிடைக்காது என்றும் சொன்னார். “போய்ச் சேந்துட்டுப் பேசறேன்” என்றார். அப்புறம் பேச ஒன்றுமில்லாமல், “பாத்ரூம் கதவு இன்னும் இழுக்குதா?” என்று கேட்டார்.

“இழுக்குது.”

“சரி, வந்து பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான். அது நடந்து பத்து வருஷமாகிறது. போய்ச் சேர்ந்துவிட்டு என்று அவர் சொன்ன அந்த வார்த்தை பிற்பாடு என்னை ரொம்ப நாள் படுத்தியது. செத்துப்போனவர்களைப் பற்றித்தானே நாம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொல்கிறோம். வேறு வார்த்தை கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு என்று அவர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

போகாத ஆபீஸ் இல்லை. மனு நாளில் வரிசையில் நின்றேன். டில்லிக்கு எழுதிப் போட்டேன். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். “மேல அனுப்பியிருக்கோம்மா” என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று கேட்க வாய் வரும். அடக்கிக்கொண்டு திரும்பி வருவேன். அவரை அனுப்பிய ஏஜெண்டின் கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் விற்கிறார்கள்.

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். அது எங்கள் பழைய பட்டன் போனில் இருக்கிறது. எழுத்தெல்லாம் தேய்ந்துபோன அந்த போனை இன்னும் சார்ஜ் போட்டு, சிம் செத்துவிடாமல் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறேன். புயல் வந்து தெருவில் தண்ணீர் ஏறியபோது ரேஷன் கார்டுக்கு முன்னால் அதைத்தான் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்தேன். அதில் வருகிற போனெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிற போன்கள்தான். ஒவ்வொன்றையும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

மாமியின் நம்பிக்கை வேறு மாதிரி. அவர் அழுது பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. எதற்கும் ஒரே பதில், “அவன் பாத்துக்குவான்.” கூரை ஒழுகினாலும் சரி, முட்டி வலித்தாலும் சரி. மாமியின் பேச்சில் இரண்டு அவன் உண்டு. ஒன்று பிள்ளை, இன்னொன்று அல்லாஹ். நான் என் வீட்டுக்காரரை அவர் என்பேன், அல்லாஹ்வை அவன் என்பேன், அதனால் எனக்குக் குழப்பமில்லை. மாமிக்கு இரண்டு பேருமே அவன். “அவன் கைவிடமாட்டான்” என்பார். “அவனுக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்” என்பார். எந்த அவனைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியாது. கேட்டதில்லை. கேட்டால் ஏதோ ஒன்று உடைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

என் நம்பிக்கையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருஷம் நான் கேட்ட துஆ பெரிய துஆ. அவரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்து என்று கேட்டேன். அடுத்த வருஷம், வாசல் வேண்டாம், ஒரு போன் போதும் என்றேன். அப்புறம், போன்கூட வேண்டாம், அவரைக் கண்ணால் பார்த்த ஒருத்தர் வந்து சொன்னால் போதும் என்றேன். வேறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகுட்டியோடு இருக்கிறார் என்றாவது சொல் என்று ஒரு வருஷம் கேட்டேன். முதலில் அப்படிக் கேட்ட அன்றைக்குத் தொழுத இடத்தைவிட்டு எழுந்திருக்க ரொம்ப நேரமானது. கடைசியில் எதையாவது தெரியப்படுத்து, நல்லதோ கெட்டதோ, என்று வந்து நின்றது. மீன் மார்க்கெட்டில் பேரம் பேசுகிறவள் மாதிரி நான்தான் இறங்கி இறங்கி வந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஊரில் எல்லோரும் எனக்குச் சொல்கிற வார்த்தை சபூர். பொறுமையாக இரு என்று அர்த்தம். “சபூர் செய்யும்மா, அல்லா நாடினா வருவாரு.” காய்கறிக் கடையில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டை நீட்டிக்கொண்டே சொல்வார்கள். இந்த ஊரில் எனக்கு சபூர் சொல்லாதது உப்பளத்துக் கொக்குகள் மட்டும்தான். சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் சொல்லிவிட்டு அவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கிளியனூரில் இருக்கிற என் அண்ணன் மட்டும் வேறு விதமாகச் சொன்னார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டாராம். இத்தனை வருஷம் காணாமல் போன புருஷனிடமிருந்து பிரித்துக் கொடுக்க மார்க்கத்தில் வழி இருக்கிறதாம். “எழுதி வாங்கிக்கலாம். உனக்கும் வயசாகுது” என்றார். முடியாது என்றேன். பெரிய பத்தினி என்று அண்ணி முணுமுணுத்தது காதில் விழுந்தது. உண்மை அது இல்லை. நான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் மாமியின் பிள்ளை செத்துவிட்டார் என்று நான் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் மாமி எப்படி எழுந்து நடமாடுவார்? அந்த வயசான மனுஷி பிடித்துக்கொண்டிருக்கிற கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். நான் விட்டால் அவர் விழுந்துவிடுவார். அதற்காகவே விடாமல் இருந்தேன். எனக்குள் நம்பிக்கை தீர்ந்துபோய் எத்தனை காலமாயிற்று என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நான் உப்பு பேக்கிங் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். தூள் உப்பைப் பாக்கெட்டில் போட்டு மெஷினில் ஒட்டுகிற வேலை. ஷெட்டில் எப்போதும் உப்புத் தூசி பறக்கும். இமை மயிர்கூட வெளுத்துவிடும். நோன்பு மாசத்தில் அது ஒரு தனி அவஸ்தை. உதட்டில் படிகிற உப்பைத் தன்னையறியாமல் நாக்கால் தொட்டு விழுங்கிவிட்டால் நோன்பு போயிற்று. வாயைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வேன். என் பக்கத்து மெஷினில் மீனவர் குப்பத்திலிருந்து வருகிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். என் நோன்புக்கு அவர்தான் காவல். துப்பட்டா கொஞ்சம் இறங்கினாலும் போதும், “ஏம்மா, ஏத்திக் கட்டு. உதட்ட நக்கித் தொலையப் போற” என்று சத்தம் போடுவார்.

அந்த அக்காவின் புருஷனும் திரும்பி வராதவர்தான். கடலுக்குப் போனார், படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடம்பு கிடைக்கவில்லை. பதினைந்து நாள் தேடினார்கள். பதினாறாம் நாள் குப்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, போதும் என்றார்கள். கரையிலேயே வைத்துச் செய்யவேண்டியதைச் செய்தார்கள். அக்கா பூவையும் பொட்டையும் எடுத்தார். “அன்னைக்கு அழுதேன் பாரு, அதுக்கப்பறம் அப்படி அழுததில்ல” என்று ஒருமுறை சொன்னார். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பொறாமைதான். அவருக்கு அழ ஒரு நாள் கிடைத்தது. எனக்கு இத்தா இருக்கக்கூட வழியில்லை. விதவை வீட்டோடு இருந்து துக்கம் காக்கிற நாள் அது, புருஷன் செத்தால்தானே இத்தா.

இப்போது கஞ்சிச் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் பள்ளிவாசலில் ரமலான் முழுக்க நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று பொறுப்பெடுத்துக்கொள்ளும். எங்களுக்கென்று பதினோராம் நோன்பு. எங்களால் முழுதும் முடியாது, அரிசியும் பூண்டும் மட்டும் கொடுப்போம். ஆனாலும் அந்த நாள் எங்கள் நாள்தான். யாருக்காகக் கொடுக்கிறோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், பாங்கு சொல்கிற மோதினார் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மைக்கில் படிப்பார். தெருவே அந்தப் பெயர்களுக்காக துஆ செய்யும். பெரும்பாலும் இறந்துபோனவர்களின் பெயர்தான் வரும். அவர்கள் பெயருக்கு முன்னால் மர்ஹூம் என்று போடவேண்டும். காலமான என்பதற்கு நாங்கள் சொல்கிற வார்த்தை அது. கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரிந்துகொள்வோம்.

எங்கள் சீட்டில் இரண்டு வரி. முதல் வரியில் என் மாமனார் பெயர். என் கல்யாணத்துக்கு முன்பே மௌத்தானவர், அதனால் மர்ஹூம். இரண்டாவது வரியில் என் வீட்டுக்காரர் பெயர். வெறும் பெயர். பக்கத்தில், ‘நல்லபடியாகத் திரும்பி வர’ என்று எழுதுவேன். மாமி குர்ஆனைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் ஓதுவார், ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வருஷமும் நான் எழுதி முடித்ததும் சீட்டை வாங்கி, முதல் வரியின் முதல் வார்த்தையில் விரலை வைத்து, “இதுதானே மர்ஹூம்?” என்பார். ஆமாம் என்பேன். விரல் கீழே இறங்கும். “இங்க இல்லியே?” இல்லை மாமி என்பேன். அப்புறம்தான் மடித்துக் கொடுப்பார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன் மாதிரி இருக்கும். “எனக்கு அவ்வளவுகூடத் தெரியாதா மாமி?” என்று கேலி செய்வேன். “தெரியும், இருந்தாலும் பாத்துக்கறது நல்லது” என்பார்.

போன ரமலானில் பதினோராம் நோன்பன்று காலையில், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுதி நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்து என்னிடம் கொடுத்தார். நான் அதை மோதினாரிடம் கொடுத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். அன்றைக்கு அவர் விரல் வைத்துக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அஸருக்கு அப்புறம் மைக் சத்தம் ஷெட் வரைக்கும் தெளிவாகக் கேட்கும். எங்கள் சீட்டைப் படிக்கப் போகிறார் என்று மெஷினை நிறுத்திவிட்டு நின்றேன். மோதினார் தொண்டையைச் செருமிக்கொண்டார். மர்ஹூம் என்று சொல்லி மாமனார் பெயரைப் படித்தார். அப்புறம் மறுபடியும் மர்ஹூம் என்றார். என் வீட்டுக்காரர் பெயரைப் படித்தார். இவர்களுடைய பாவமன்னிப்புக்காக துஆ செய்யுங்கள் என்றார்.

“ஆமீன்” என்றேன்.

பழக்க தோஷத்தில் வாய் சொன்னதுதான். ஆனால் அதுமட்டும் என்று சொன்னால் பொய். அந்தப் பெயரை அப்படிக் கேட்டதும் என் தோள் இரண்டும் தளர்ந்தன. அப்பாடா என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் தானாக வந்தது, அதுவும் இதமாக இருந்தது. எத்தனை விநாடி அப்படி நின்றேன் என்று தெரியாது. அப்புறம்தான் நான் எதற்கு ஆமீன் சொன்னேன் என்பது புரிந்தது. உடனே கோபம் தலைக்கேறியது. அந்த அப்பாடாவை மறைக்கத்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

“இன்னாச்சும்மா?” என்றார் அக்கா.

“எங்க வீட்டுக்காரர மைக்ல சாகடிச்சிட்டாங்கக்கா” என்று சொல்லிவிட்டு, உப்புப் படிந்த துணியோடு அப்படியே கிளம்பினேன்.

பள்ளிவாசலின் பக்கத்து வாசலில் தூக்கு வாளியோடு பெண்களும் பிள்ளைகளும் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். அண்டா பக்கத்தில் மோதினார் நின்றிருந்தார். சாதுவான மனுஷர், எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல். வரிசையைப் பிளந்துகொண்டு போய் அவர் எதிரில் நின்றேன்.

“ஏங்க, ஒரு மனுஷன் மௌத்தாயிட்டாருன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிக்க மாட்டீங்களா? எல்லாரும் செத்தவங்களுக்குத்தான் எழுதிக் குடுப்பாங்கன்னு நீங்களா ஒரு மர்ஹூம சேத்துப் படிச்சிடுவீங்களா? எங்க மாமி காதுல விழுந்திருக்குமே, அந்தம்மா உசுரோட இருக்காங்களா இல்லியான்னுகூட எனக்குத் தெரியலியே!”

நோன்பு வைத்துக்கொண்டு இவ்வளவு சத்தம் போடக் கூடாது. தெரிந்துதான் போட்டேன்.

அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. “கோவப்படாதம்மா. எழுதியிருந்தததான் படிச்சேன்” என்றார். சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தார். “ஏதோ சேதி வந்திருக்கு போலன்னு நெனச்சேன். படிக்கறதுக்கே எனக்கு மனசு வரல.”

வாங்கிப் பார்த்தேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. புள்ளி வைக்கவேண்டிய எழுத்தில் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போடுவேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எத்தனையோ தடவை திட்டியும் போகாத வழக்கம். மர்ஹூம் என்ற வார்த்தையில் இரண்டு வட்டம் வரும். அந்தத் தாளில் இரண்டு வரியின் தொடக்கத்திலும் அந்த வார்த்தை இருந்தது. நாலு வட்டமும் என் வட்டம். ‘நல்லபடியாகத் திரும்பி வர’ என்பது இல்லவே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்வதா, எழுதவில்லை என்று சொல்வதா? எழுதிய ஞாபகம் எனக்குத் துளிகூட இல்லை. அவசரம், கவனக்குறைவு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்பது வருஷம் அதே அவசரத்தில்தான் எழுதினேன். ஒரு தடவைகூடக் கை தவறியதில்லை.

மோதினார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “நாளைக்கு அஸருக்கப்பறம் திருத்திச் சொல்லிடறேம்மா. வீட்ல கேட்டுட்டு வந்து சொல்லுங்க” என்றார். யாரோ ஒரு பெண் என் கையில் ஒரு தூக்கைத் திணித்து, கஞ்சி ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்றுதான் யோசித்தேன். மோதினார் தப்பாகப் படித்துவிட்டார் என்று சொல்லிவிடலாம். மாமிக்குத்தான் படிக்கத் தெரியாதே.

மாமி தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தார். பாய்க்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பும் பேரீச்சம்பழமும் எடுத்து வைத்திருந்தார். தினமும் வைப்பது மாதிரிதான் வைத்திருந்தார். முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

“கேட்டுச்சு” என்றார்.

“மாமி, அது வந்து...” வழியெல்லாம் ஜோடித்த பொய் வாயில் வரவில்லை. “நான்தான் எழுதியிருக்கேன். எப்படின்னு தெரியல மாமி. சத்தியமா தெரியல.”

“தெரியும். காலையிலேயே பாத்தேன்.”

“உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே?”

“ஒம்போது வருஷமா வெரல் வச்சுப் பாக்கறேனே, அந்த ஒரு வார்த்தை கூடவா தெரியாது? ரெண்டு எடத்துல இருந்துச்சு.”

“அப்பறம் ஏன் மாமி சொல்லல?”

மாமி பேரீச்சம்பழத் தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். “நீ ஒரு வழியா மனசத் தேத்திக்கிட்டன்னு நெனச்சேன். நல்லதுதான்னு தோணுச்சு. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்? அவன் வருவான் அவன் வருவான்னு இத்தினி வருஷமா நான் சொன்னதே உனக்காகத்தான். சின்னப் பொண்ணு, மனசு விட்டுடுவியேன்னு.”

நானும் அதே வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தேன். உங்களுக்காகத்தான் மாமி நானும் விடாமல் பிடித்திருந்தேன் என்று. சொல்ல முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தருக்காக ஒருத்தர் நம்புவது போல நடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். இரண்டு பேரிடமும் இல்லாத ஒன்றை இரண்டு பேரும் பத்திரமாகக் காவல் காத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.

கஞ்சித் தூக்கை இறக்கி வைத்துவிட்டு, “மோதினார் நாளைக்குத் திருத்திச் சொல்றேன்னாரு மாமி. என்ன சொல்றது?” என்று கேட்டேன்.

“நாம எதுக்குத் திருத்தணும்? திருத்தணும்னா அவன் திருத்திக்கட்டும்.”

இத்தனை வருஷமாகக் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். “எந்த அவன், மாமி?”

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மாதிரி அவர் என்னைப் பார்த்ததே இல்லை. கோபமா, களைப்பா என்று சொல்ல முடியாத பார்வை.

“ரெண்டு பேர்ல யாராச்சும் ஒருத்தன் வரட்டும்” என்றார்.

சொன்ன மறு நொடியே பதறிப்போய், “அஸ்தஃபிருல்லா, அஸ்தஃபிருல்லா” என்று மன்னிப்புக் கேட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் அப்போதுதான் அவர் அழுது பார்த்தேன். சத்தமில்லாமல், வாயைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சபூர் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. பாங்கு சொன்னார்கள். அதே மோதினாரின் குரல். நோன்பு திறந்தோம். என் வீட்டுக்காரர் பெயரில் காய்ச்சிய கஞ்சியை ஆளுக்கொரு கிண்ணம் குடித்தோம்.

மோதினாரிடம் நான் போகவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. மாமி அஞ்சு வேளையும் தொழுகிறார். நானும் தொழுகிறேன். கையேந்தும்போது கேட்பதற்கு எனக்கு ஒன்றும் வருவதில்லை. ஏந்திய கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். இது நம்பிக்கையா, பழக்கமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பட்டன் போனுக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தவில்லை.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் மாமி ஒரு வார்த்தை சொன்னார். “அந்தக் கதவுக்கு ஆசாரிய வரச் சொல்லு.” அன்றைக்கே சொல்லியனுப்பினேன். ஆசாரி வந்தார். கீலை மாற்றி, அடியில் கொஞ்சம் இழைத்துவிட்டு, “இதுக்கா இத்தினி வருஷம் வச்சிருந்தீங்க?” என்றார். நான் சொன்ன மாதிரியே பத்து நிமிஷம்தான் ஆனது. இப்போது ஒரு விரலால் தள்ளினால் போதும், சத்தமே இல்லாமல் திறக்கிறது.

ஆனாலும் நான் இன்னும் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் திறக்கிறேன். மாமியும் அப்படித்தான் திறக்கிறார்.